தெரிந்தவள்

மேல்வரிசையில் இருந்த போன்கள் அத்தனையும் ஒரே குரலில் அலறின. கீழ்வரிசை வாயே திறக்கவில்லை.

ஜெசிந்தா காபிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கீழ்வரிசைப் போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. செய்தி மட்டும்தான் இல்லை.

கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவள் டெஸ்டர். மற்றவர்கள் செய்வதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் குழு செய்திருந்த மென்பொருளுக்குக் 'கரைமணி' என்று பெயர். மலையடிவாரத்தில் பெரிய அணை, சின்ன அணை என்று இரண்டு உண்டு. எது திறந்தாலும் அதற்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் ஒவ்வொருவர் போனும் அடிக்கும்: தண்ணீர் வருகிறது, மேடேறுங்கள். போன வருடத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பு இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். மேல்வரிசைப் போன்கள் பெரிய அணைக்குக் கீழே உள்ள ஊர்கள், கீழ்வரிசை சின்ன அணைக்குக் கீழே உள்ளவை என்று வைத்துக்கொண்டு, இரண்டு அணைகளையும் ஒன்றாகத் திறப்பதுபோல் அவள் பாவனை செய்து பார்த்தாள். அதுவரை யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இன்னொரு தடவை செய்தாள். அதேதான். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். இரண்டு வரிசையும் அலறின. மறுபடி ஒன்றாகத் திறந்தாள். கீழ்வரிசை செத்துக் கிடந்தது.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒரே செய்தி இரண்டு முறை வருகிறது என்று ஆரம்பத்தில் ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள் என்பதற்காக ஒரு வடிகட்டி போட்டிருந்தார்கள். ஒரே நிமிடத்தில் 'அணை திறந்தது' என்று இரண்டு தகவல் வந்தால், இரண்டாவதை முதலாவதன் நகல் என்று எண்ணி அது குப்பையில் போட்டுவிடும். இரண்டு அணைகளையும் இப்போது ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் திறக்கிறார்கள். சாதாரண மழைக்கு ஏதாவது ஒன்றைத் திறப்பார்கள். பேய்மழை கொட்டினால் ஒரே உத்தரவில் இரண்டும் திறக்கும்; பெரிய அணையின் தகவல்தான் எப்போதும் முதலில் வரும். அதாவது, எச்சரிக்கை எப்போது அவசியமோ, அப்போதுதான் அது போகாது.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையின் ஓரத்தில் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. தராசு பார்த்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு இப்போது தெரியும் என்பது அதற்கும் தெரிந்துவிட்டது.

தராசு என்பது ஊழியர்கள் வைத்த பெயர். அரசாணையில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. மக்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த மென்பொருளை யார் செய்தாலும், அதில் வேலை செய்யும் ஒவ்வொருவர் கழுத்திலும் அந்த அட்டை தொங்கவேண்டும். பேசுவதைக் கேட்கும், திரையைப் பார்க்கும், கண் எங்கே போகிறது என்பதைக்கூடக் கவனிக்கும். ஏதாவது விபரீதம் நடந்தால், யார் ரோல் என்ன, யாருக்கு எப்போது என்ன தெரிந்தது, யாரால் தடுத்திருக்க முடியும் என்று எடைபோட்டுப் பழியைப் பங்கு பிரித்துவிடும். பங்கு விழுந்தவருக்கு அதன்பிறகு இந்தத் துறையில் வேலை இல்லை.

அது வந்த நாளில் கைதட்டியவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. அதற்கு முன்பெல்லாம் எது கெட்டாலும், கடைசியில் தொட்டவர் டெஸ்டர்தானே என்று அவள் தலையில்தான் கட்டுவார்கள். இனிமேல் இயந்திரம் நியாயம் சொல்லும், அதற்கு மேலதிகாரியும் தெரியாது, மச்சானும் தெரியாது என்று அவள் வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொன்னாள். தெரிந்தவர்களுக்குத்தான் பங்கு என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை அப்போது அவளும் யோசிக்கவில்லை, ஆணை போட்டவர்களும் யோசிக்கவில்லை.

அவள் நேராக முபாரக் இருக்கைக்குப் போனாள். செய்தி அனுப்பும் பகுதிக்கு அவன்தான் புரோகிராமர். பொள்ளாச்சிப் பையன், வேலையில் கெட்டிக்காரன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை.

"முபாரக், ரெண்டு நிமிஷம்."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தான். மஞ்சள் விளக்கைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் உருண்டான்.

"அக்கா, வேண்டாங்க. சொல்லாதீங்க."

"சின்ன விஷயம் இல்லடா. ரெண்டு அணையும்..."

"லா லா லா லா," என்று அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உரக்கப் பாடினான். பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள் பழகிய வேகத்தில் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். அவனும் கையை எடுத்தான். இன்னும் பச்சையாகவே இருந்த தன் அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்கக்கா. உங்க மேல மரியாதை இல்லாம இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சுதுன்னா அது என் பங்கு. தெரியலைன்னா இல்ல. அவ்வளவுதான் கணக்கு."

"இது உன் பகுதிடா. நீதானே அனுப்பறே?"

"அனுப்பறதுதாங்க்கா என் ரோல். எங்கிட்ட வர்றதை நான் அனுப்பறேன். ஒண்ணு விடறதில்ல. எங்கிட்ட வராததுக்கு நான் எப்படிப் பொறுப்பு? அனுப்பாம இருக்கறதுன்னு என் ரோல்ல எதுவுமே இல்லீங்களே."

"அப்ப அனுப்பாம இருக்கறது யாரோட ரோல்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "தெரியலீங்க்கா," என்றான். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அந்த வடிகட்டியை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ரோல் அட்டவணையில் அதற்கு நேரே யார் பெயரும் இல்லை. அப்படியென்றால் டிசைன் செய்தவரிடம்தான் போகவேண்டும். டிசைன் வைதேகி. வைதேகி அவளுடைய சிநேகிதி.

இரண்டு பேரும் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். வைதேகி மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். பார்க்காததுபோல் கத்தரிக்காயை எடுத்து ஜெசிந்தாவின் டப்பாவில் வைத்தாள்.

"எண்ணெய் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. சாப்பிட்டுப் பாரு."

"வைதேகி, உன் டிசைன்ல..."

"புளி பத்தலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"நான் சொல்றதக் கேளேன்."

"கேக்கத்தான் செய்றேன். கத்தரிக்காய் எப்படி இருக்குன்னு சொல்லு." வைதேகி தலை நிமிரவில்லை. "ஜெசி, எங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்தானே? லிஃப்ட்ல ஏறினாரு. கூட வந்தவன் எதையோ புலம்பிட்டு வந்தான். இவரு பாட்டுக்கு ம்ம்னு கேட்டுட்டு வந்தாரு. அந்த ம்ம்முக்குத்தான் பங்கு. அவரு ரோலே இல்ல அது. இன்னைக்கும் வீட்டுல உக்காந்து சீரியல் பாத்துட்டிருக்காரு. நானும் போய் உக்காந்தா ரெண்டு பசங்களுக்கு யாரு?"

ஜெசிந்தா வாயருகே கொண்டுபோன கையை இறக்கினாள். எதிரே இருப்பவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"ஜனங்க சாவாங்க, வைதேகி," என்றாள் மெல்ல.

வைதேகி சட்டென்று தன் அட்டையைப் பார்த்தாள். பச்சை. 'ஜனங்க சாவாங்க' என்பது மட்டும் போதவில்லை போலிருக்கிறது. எப்படி, எங்கே, எதனால் என்று இருந்தால்தான் தராசின் கணக்கில் அது அறிவு. மற்றதெல்லாம் புலம்பல்.

வைதேகி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "ரெக்வைர்மென்ட்ல வந்தா மாத்துவேன். நல்லசிவம் சார்கிட்டப் போ," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனவள் திரும்பி வரவில்லை.

நல்லசிவம் மேனேஜர். அவருடைய அறையில் ஒரு ஊதுவத்தி எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"உக்காருங்கம்மா. நான் பேசறேன், நீங்க கேளுங்க. உங்க மெயில் வந்திருக்குதுங்க. தலைப்புல 'மிக அவசரம்'னு போட்டிருக்கீங்க. நான் இன்னும் திறக்கலைங்க. திறக்கவும் மாட்டேனுங்க."

"சார், இது..."

"அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த டீம்ல ஒருத்தர் மேலயாவது இதுவரைக்கும் பங்கு விழுந்திருக்குதுங்களா? பக்கத்து பில்டிங்ல போய்க் கேட்டுப் பாருங்க, மாசம் ஒருத்தர் பெட்டியக் கட்டறாங்க. நம்ம டீம்ல எல்லாரும் குடும்பம் நடத்தறாங்க, ஈஎம்ஐ கட்டறாங்க. எப்படிங்க? யாருக்கும் தேவையில்லாதது தெரியாமப் பாத்துக்கறேன். மேனேஜர்னா இப்ப அதுதானுங்க வேலை. முன்ன மாதிரி வேலை வாங்கறதில்ல."

"அப்ப இதை யார் சரி பண்றது சார்?"

"எதை?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று உணர்ந்து அவசரமாகக் கையை அசைத்தார். "வேண்டாம், சொல்ல வேண்டாமுங்க. நான் ஒரு வழி சொல்றேன். அந்தச் சோதனைய 'மறுபடி பார்க்க வேண்டும்'னு மாத்திப்போடுங்க. கருவி சரியில்ல, சிக்னல் சரியில்லன்னு என்னமோ ஒண்ணு. அப்ப முடிவு வரலைன்னு ஆயிடும். முடிவு வரலைன்னா உங்களுக்கும் தெரியாது. விளக்கு அணைஞ்சிடும். மழைக்காலம் முடிஞ்சதும் நிதானமா மறுபடி பாருங்க. இதை நான் எல்லாருக்கும் சொல்றதில்லைங்க."

அவர் குரலில் வஞ்சகம் இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பவர் முகம்தான் இருந்தது. ஜெசிந்தா தன் இருக்கைக்குத் திரும்பினாள். திரையில் அந்தச் சோதனையின் பெயருக்கு நேரே அவர் சொன்ன பொத்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். அவளும் மற்றவர்களைப் போலப் பச்சையாகிவிடலாம். நாளை கத்தரிக்காயைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம்.

விரல் அதன்மேல் போய்த் தயங்கியது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய வீரம் என்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக்குவது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். விளக்கு அணையும். கீழ்வரிசைப் போன்கள் அலறாமல் கிடந்தது மண்டைக்குள் அப்படியேதான் இருக்கும்.

அணைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர், "உங்க கம்பெனியில எங்ககூடப் பேசறதுக்குன்னு ஒருத்தரு இருப்பாரு, அவரு மூலமா வாங்க மேடம்," என்றார். அப்படிப் பேசுவதற்கென்று இருப்பவர் நல்லசிவம். அவள் மீறிச் சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அவர்கள் கழுத்திலும் அட்டை உண்டு என்பது அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வாரம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணைகள் நிரம்புவதாகச் செய்தியில் சொன்னார்கள். ஜெசிந்தா பார்த்தவர்களை எல்லாம் மடக்கினாள். அவள் வருவதைக் கண்டால் வராந்தா காலியானது. ஒருமுறை கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள். உள்ளே வந்தவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்து கூட்டத்தை முடித்துவிட்டு, தலையைத் திருப்பாமலே வெளியேறினார்கள். துடைக்கும் அம்மாளுக்கு அட்டை கிடையாது. அவர் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஜெசிந்தா லீவு சொல்லிவிட்டு, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

சின்ன அணைக்குக் கீழே முதல் ஊர் பரிசல்மேடு. ஆற்றங்கரையை ஒட்டிச் செங்கல் சூளைகள். கூலிக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு கரையிலேயே கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. டீக்கடையில் விசாரித்ததற்கு, வார்டு மெம்பர் மயிலாத்தாளைப் பாருங்கள் என்றார்கள். சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுவதை மேற்பார்த்துக்கொண்டு நின்ற கட்டுமஸ்தான பெண்தான் மயிலாத்தாள்.

"யாருங்கம்மணி நீங்க? கெவருமெண்டா?"

"இல்லைங்க. உங்க போனுக்கு அணை மெசேஜ் வருதில்லைங்களா, அதைச் செய்யற கம்பெனி. ரெண்டு அணையும் ஒண்ணாத் திறந்தா..."

அவள் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டாள். எதிராளி காதைப் பொத்துவார் என்று காத்தாள்.

"ஏனுங், பாதியில நிறுத்திப்போட்டீங்க? திறந்தா?"

அந்த வாக்கியத்தை ஜெசிந்தா இத்தனை நாளில் ஒருமுறைகூட முடித்ததில்லை. "திறந்தா உங்க ஊருக்கு மெசேஜ் வராதுங்க," என்றாள்.

மயிலாத்தாள் லாரிக்காரனை நிறுத்தச் சொன்னார். "எதுனால வராது? எங்க ஊருக்கு மட்டுமா, கீழ இருக்கறவங்களுக்குமா? திறந்தா இங்க வர எவ்வளவு நேரமாகும்?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"முன்னயெல்லாம் சங்கு ஊதுவாங்க. இந்த மெசேஜ் வந்ததும் அதைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார் மயிலாத்தாள். "போன் வரலைன்னா தண்ணி வரலைன்னுதான் நாங்க இருப்போம்."

சூளை முதலாளி சத்தம் போட்டார், மயிலாத்தாள் அவரைவிட உரக்கச் சத்தம் போட்டார். பொழுது சாய்வதற்குள் கொட்டகைகள் காலியாகி, ஜனங்கள் அடுப்பும் பாயுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். அடுத்த ஊர்களுக்கு மயிலாத்தாள் தனக்குத் தெரிந்தவர்களிடம் போனில் சொன்னார். அவர்களும் முழுதாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில், ஜெசிந்தா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு அணைகளும் ஒரே உத்தரவில் திறந்தன. பெரிய அணைக்குக் கீழே ஊர் ஊராகப் போன்கள் அலறின. சின்ன அணைக்குக் கீழே ஒன்றுகூட அடிக்கவில்லை. தண்ணீர் சூளைகளைக் கரைத்துக்கொண்டு போனது. கொட்டகைகளில் யாரும் இல்லை.

ஆனால் ஆற்றின் நடுவே ஒரு திட்டு உண்டு. அங்கே கிடை போட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் ராக்கியப்பன் என்பவர். அவர் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. அப்படி ஒரு திட்டு இருப்பதே ஜெசிந்தாவுக்குத் தெரியாது. ஊரார் போட்ட சத்தம் வெள்ளத்தின் இரைச்சலைத் தாண்டி அவருக்குக் கேட்கவில்லை. வழக்கமாக அடிக்கும் போன் சட்டைப்பையில் சும்மா இருந்தது. உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

ஜெசிந்தா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அந்தக் கரையில் நின்றபோது நிமிர்ந்து ஆற்றைப் பார்த்திருந்தால் திட்டு கண்ணில் பட்டிருக்குமே என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த கணம், நான் எதற்கு அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது என்று பல்லைக் கடிப்பாள்.

அடுத்த மாதம் நிறுவனத்தின் பெரிய கூடத்தில் விசாரணை நடந்தது. வெளியிலிருந்து விசாரணை அலுவலர் ஒருவர் வந்திருந்தார். நரைத்த தலை, களைத்த முகம். குழுவில் ரோல் உள்ள எல்லாரும் வரவேண்டும். உள்ளே வந்தபின் எழுந்து போகக் கூடாது, காதில் எதையும் மாட்டக் கூடாது, கவனம் சிதறக் கூடாது. மீறினால் அதற்கே தனித் தண்டனை உண்டு என்று முதலிலேயே வாசித்தார்.

பிறகு தராசின் முடிவை வாசித்தார். "முபாரக், பங்கு இல்லை. வைதேகி, பங்கு இல்லை. நல்லசிவம், பங்கு இல்லை." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஜெசிந்தா, முழுப் பங்கு. காரணம்: குறை இருப்பது இவருக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும் யாருக்கும் தெரிவிக்கவில்லை."

"தெரிவிக்கலையா?" ஜெசிந்தா எழுந்துவிட்டாள். "சார், நான் ஒவ்வொருத்தர் காலடியிலயும் போய் நின்னேன். மெயில் போட்டேன். பலகையில எழுதினேன்."

அலுவலர் திரையைப் புரட்டினார். "மெயில் திறக்கப்படலை. திறக்காத மெயில் தெரிவிச்சதா ஆகாதும்மா. நீங்க எழுதின பலகையை யாரும் படிச்சதா இல்ல. பேச்சு எல்லாம் பாதியில நிக்குது. 'ரெண்டு அணையும்' அப்படின்னு ஒண்ணு. அதுக்கப்புறம் யாரோ பாடுறாங்க."

"பாடினது ஏன்னு தராசு கேக்கலையா?"

"யாருக்கு என்ன தெரிஞ்சுதுன்னு அது எடைபோடும். யார் தெரிஞ்சுக்க மறுத்தாங்கன்னு போட அதுல தட்டு கிடையாது." அதை அவர் சங்கடத்தோடுதான் சொன்னார். "நீங்க ஊருக்குப் போய்ச் சொன்னதும் எனக்குத் தெரியும். அத்தனை பேரு பொழைச்சது உங்களாலதான். ஆனா அது உங்க ரோலுக்கு வெளியே. கணக்குல வராது. விதிப்படி கடைசியா நீங்க ஏதாவது சொல்லலாம். பதிவு பண்ணிக்கறோம்."

ஜெசிந்தா கூடத்தை ஒருமுறை பார்த்தாள். முபாரக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைதேகி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லசிவம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். திட்டித் தீர்க்கத்தான் அவள் வந்திருந்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். பாதிப் பாதியாகவே நின்றுபோன பேச்சு அத்தனையும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கூடத்தில் இருக்கும் யாராலும் இப்போது காதைப் பொத்த முடியாது.

"கரைமணியில இன்னொரு குறை இருக்கு," என்றாள்.

நல்லசிவத்தின் கண்கள் திறந்தன. "அம்மா, வேண்டாமுங்க," என்றார்.

"ஆத்துல நீர்மட்டம் அளக்கற கருவி இருக்கு. அணை திறக்காம மழையில மட்டும் ஆறு ஏறினா, அது சொல்ற நம்பரை வச்சுத்தான் எச்சரிக்கை போகும். அது பழுதாயிட்டா, பழுதுன்னு சொல்றதில்ல. கடைசியா என்ன நம்பர் அளந்துச்சோ அதையே திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும். தண்ணி ஏறிட்டே இருக்கும், நம்ம திரையில ஏறவே ஏறாது. எச்சரிக்கை போகாது." அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "போன மாசமே சோதிச்சுப் பாத்தேன். முதல் குறையையே யாரும் கேக்கலை, இதை எங்க போய்ச் சொல்றதுன்னு இருந்துட்டேன். முபாரக், அந்த நம்பரைப் பாத்து எச்சரிக்கை அனுப்பறது உன் பகுதி. வைதேகி, டிசைன் உன்னுது. சார், ரெக்வைர்மென்ட் உங்களுது. மழை இன்னும் முடியலை."

முபாரக் கழுத்தில் மஞ்சள் எரிந்தது. வைதேகிக்கு எரிந்தது. நல்லசிவம் தன் அட்டையை உள்ளங்கையால் மூடினார், விரலிடுக்கில் மஞ்சள் கசிந்தது. வரிசை வரிசையாக எல்லார் கழுத்திலும் எரிந்தது. விசாரணை அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார். அவரும் அட்டை மாட்டியிருந்தார்.

"நான் விசாரிக்க வந்தவன்தானே," என்று அவர் யாரிடமோ சொன்னார்.

ஜெசிந்தா தன் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள். நாளைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை போனது போனதுதான். ராக்கியப்பன் வரப்போவதில்லை. நியாயம் கிடைத்ததுபோலவும் இல்லை, பழி தீர்த்ததுபோலவும் இல்லை. கால்தான் வலித்தது.

ஒரு மாடி இறங்கியிருப்பாள். மேலே கூடத்தில் சத்தம் கிளம்பியது. முதலில் ஒரு குரல், பிறகு அதை மறித்து இன்னொன்று, பிறகு பத்துக் குரல்கள். எந்தக் கருவி என்று ஒருவர் கேட்டார். மொத்தம் எத்தனை இருக்கின்றன, இப்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று இன்னொருவர். "அதை யாருங்க டிசைன் பண்ணச் சொன்னது?" என்று வைதேகி கத்தினாள். "இப்ப அதா முக்கியம்? இன்னைக்கே மாத்தோணும்!" என்று நல்லசிவம் அதற்கு மேல் கத்தினார்.

ஜெசிந்தா படியில் நின்றாள். ஆட்கள் வேலையைப் பற்றிச் சண்டைபோடும் சத்தத்தை அந்தக் கட்டடத்தில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

முபாரக் எல்லாரையும் அடக்கிவிட்டு விளக்க ஆரம்பித்தான். "கருவி செத்துப்போனா பூஜ்யம்னு வரும். அதனால பூஜ்யம் வந்தா உடனே..."

ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். இரண்டு படி இறங்கினாள். முடியவில்லை. திரும்பி, மூச்சு வாங்க மேலே ஏறி, பூட்டியிருந்த கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் பட்பட்டென்று அறைந்தாள். வைதேகி ஓடிவந்து திறந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள் ஜெசிந்தா.

"பூஜ்யம்னு எவன் சொன்னது?" என்றாள்.